வாசகர் கேள்வி பதில்: சாணி மேல காத்திருக்கற கொள்ளைக்காரன்

போன இதழ்ல இங்கிலாந்துல இருந்து ஒரு வாசகர் அனுப்பின போட்டோ ஒண்ணு போட்டிருந்தோம். காஞ்சு போன மாட்டுச் சாணி மேல மஞ்சளும் பழுப்புமா ஒரு பெரிய பூச்சி, அதோட காலுக்கு நடுவுல ஒரு வண்டு. இது என்னன்னு கண்டுபிடிங்கன்னு கேட்டிருந்தோம். குளவி, கதண்டு, மலைத்தேனீ, "ஏதோ விஷ ஜந்து"ன்னு எல்லாம் எழுதியிருந்தீங்க, வெகு சிலர்தான் ஈன்னு சரியா சொன்னாங்க. அதோட கேள்வியும் எக்கச்சக்கமா வந்திருக்கு, அதனால இந்த தடவை பகுதி முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு.

அது ஈயா? சத்தியமா நம்ப முடியல. ஈக்கு யாருங்க வண்டு புடிச்சு தின்ன சொல்லிக் குடுத்தது?
(போட்டோ அனுப்பின டோர்செட் வாசகர்)

ஈ தாங்க. நம்ம சோத்து மேல வந்து உக்காருதே, அதுக்கு தூரத்து சொந்தம், தொழில் மட்டும் வேற. ராபர் ஃப்ளைன்னு ஒரு பெரிய குடும்பமே இருக்கு, கொள்ளைக்கார ஈன்னு வெச்சுக்கலாம், உலகம் பூரா 7,000க்கும் மேல இனம், அத்தனையும் வேட்டையாடி பொழைக்கறதுங்க. நீங்க பாத்தது ஹார்னெட் ராபர்ஃப்ளை. அறிவியல் பேரு அசிலஸ் க்ராப்ரோனிஃபார்மிஸ், 1758லயே லின்னேயஸ் வெச்ச பேரு. பிரிட்டன்ல உள்ள ஈக்கள்லயே ரொம்பப் பெருசுன்னு சொல்ற நாலஞ்சுல இதுவும் ஒண்ணு, நல்லா வளந்தது ஒரு இஞ்ச் நீளம் வரும்.

இது பறந்து பறந்து தேடாது. வெயில் படற இடமா பாத்து, பெரும்பாலும் சாணி மேலயோ குதிரை லத்தி மேலயோ, இல்லன்னா பக்கத்துல வெறுந்தரையிலயோ அசையாம உக்காந்திருக்கும். ஏதாவது பறந்து போச்சுன்னா தலை மட்டும் அந்தப் பக்கம் திரும்பும், அடுத்த நொடி பாய்ஞ்சு நடு வானத்துலயே ஆறு காலாலயும் அணைச்சுப் புடிச்சுட்டு வந்து உக்காந்துடும். வாய் கத்தி மாதிரி கூர்மையா குத்தற அமைப்பு. வண்டோட முதுகு ஓடு கெட்டி, அதுல குத்தினா வேலைக்கு ஆகாது, அதனால கழுத்து இடுக்கு, மூட்டு இடுக்கு, இந்த மாதிரி மெல்லிசான இடமா பாத்து குத்தும். குத்தினதும் எச்சில் உள்ள போகும், அந்த எச்சில்ல நரம்ப முடக்கற விஷமும் இருக்கு, சதைய கரைக்கற என்சைமும் இருக்கு. இரை துடிக்கறது நின்னுடும், உள்ள இருக்கறது கூழாகிடும், அப்புறம் உறிஞ்சிக்க வேண்டியதுதான். மூஞ்சியில விறைப்பா ஒரு மீசை இருக்கு பாருங்க, அது அழகுக்கு இல்ல, புடிச்ச இரை உதைச்சு கண்ண கெடுத்துடக் கூடாதுன்னுதான்.

குறி தப்பாததுக்கு காரணம் கண்ணு. 2017ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆளுங்க ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, அது இந்த இனத்த வெச்சு இல்ல, அமெரிக்காவுல இருக்கற இதோட குட்டி சொந்தக்காரன வெச்சு, மொத்த உடம்பே 6 மில்லிமீட்டர்தான். மீன் புடிக்கற நரம்புல மணி கோத்து மோட்டார் வெச்சு இழுத்து அந்த ஈ முன்னாடி ஓட விட்டாங்க. அது அரை மீட்டர் தூரத்துல இருந்தே பாத்துட்டு கிளம்புது, அதுவும் மணி இப்ப இருக்கற இடத்துக்குப் போகாம, போகப் போற இடத்துக்கு குறுக்கால போகுது, கிட்ட வந்ததும் வேகத்த குறைச்சு சரி பண்ணிக்குது. கடுகளவு மூளைகூட கிடையாது அதுக்கு, யோசிச்சுப் பாருங்க.

கதண்டு மாதிரி இருக்கே, கொட்டுமா? எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கறது?
(தஞ்சாவூர் வாசகி)

கொட்டாது, கொடுக்கே கிடையாது. கையில புடிச்சு நசுக்கினா வாயால குத்தும், வலிக்கும், அதுக்கு அது பொறுப்பில்ல. ஐரோப்பாவுல இருக்கற பெரிய கதண்டு மாதிரி நிறம் இருக்கறதால பறவைங்க கிட்ட வர யோசிக்கும், அந்த வேஷத்தாலதான் பட்டப்பகல்ல வெட்ட வெளியில தைரியமா உக்கார முடியுது. வித்தியாசம் பாக்கணும்னா றெக்கைய பாருங்க, குளவிக்கு நாலு, ஈக்கு ரெண்டு. வயித்தோட முன்பாதி கருப்பு, பின்பாதி பளிச்னு மஞ்சள், கால் எல்லாம் செம்பழுப்பு, முடியும் முள்ளுமா இருக்கும். இதுக்கு மேல கிட்ட போய் பாக்கணும்னா உங்க நிழல் அது மேல விழாம போங்க, நிழல் பட்டா பறந்துடும்.

எத்தனையோ பூ இருக்கு, செடி இருக்கு, அது ஏன் சார் போயும் போயும் சாணி மேல குடித்தனம் நடத்துது?
(திண்டுக்கல் வாசகர்)

நல்ல கேள்வி, இந்த ஈ பத்தின மொத்த விஷயமும் இதுக்குள்ளதான் இருக்கு.

மேய்ச்சல் நிலத்துல புதுசா விழுந்த சாணி பஸ் ஸ்டாண்ட் டீக்கடை மாதிரி, விடிஞ்சா அத்தனை பேரும் அங்கதான். சாணி விழுந்த கொஞ்ச நேரத்துல சாணி ஈ வரும், அப்புறம் சாணி வண்டுங்க, அதுங்கள தின்ன வேற வண்டுங்க, அப்புறம் பறவை. பிரிட்டன்ல மட்டும் 60 இனம் போல சாணி வண்டு இருக்கு. நம்ம ஊர் பீயுருட்டி மாதிரி உருண்டை புடிச்சு தள்ளிட்டுப் போறது அங்க கிடையாது, ஒரு கூட்டம் சாணிக்குள்ளயே தங்கி முட்டை வெச்சு குடும்பம் நடத்தும், இன்னொரு கூட்டம் சாணிக்கு அடியில சுரங்கம் தோண்டி சாணிய கீழ இழுத்துட்டுப் போய் அங்க முட்டை வைக்கும். ராபர் ஃப்ளைக்கு இது போதாதா, வர்றவன் போறவன் எல்லாம் இரை, உக்காந்த இடத்துலயே சாப்பாடு. வண்டு மட்டும்னு இல்ல, வெட்டுக்கிளி, வேற ஈ, தேனீ, குளவி, அந்துப்பூச்சி, எது மாட்டுதோ அது.

ஆனா சாப்பாடு பாதி கதைதான். மீதி பாதி மண்ணுக்கு அடியில நடக்குது, அத நாம யாரும் பாக்கறதில்ல. பெண் ஈ சாணியிலயோ அதுக்கு அடியில பக்கத்துல இருக்கற மண்ணுலயோ முட்டை வைக்கும். வெளிய வர்ற புழு மண்ணுக்குள்ள போய் அங்க இருக்கற சாணி வண்டோட புழுக்கள தின்னு வளருதுன்னுதான் ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. அம்மா மேல உக்காந்து பெரிய வண்ட தின்னுது, புள்ள கீழ அதே வண்டோட புள்ளைய தின்னுது. முட்டையில இருந்து றெக்கை முளைச்சு வெளிய வர ரெண்டு மூணு வருஷம் ஆகிடும். நாம பாக்கற ஈ வாழ்க்கை அதுல கடைசி சில வாரம்தான், ஜூலை கடைசியில இருந்து அக்டோபர் வரைக்கும், ஆகஸ்ட் செப்டம்பர்லதான் அதிகமா கண்ணுல படும்.

இந்த ரெண்டு மூணு வருஷக் கணக்க கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க, அடுத்த பதிலுக்கு வேணும். அத்தனை நாளும் அந்த மண்ண யாரும் உழக் கூடாது, அத்தனை வருஷமும் அந்த நிலத்துல சாணி விழுந்துட்டே இருக்கணும், அந்த சாணியில வண்டு உயிரோட இருக்கணும். மாட்டுச் சாணிதான் முக்கியம்னாலும் குதிரை லத்தி, முயல் புழுக்கை இருக்கற இடத்துலயும் இத பாத்திருக்காங்க. நிலம் எப்படின்னா புல் குட்டையா, அங்கங்க மண்ணு தெரியற மாதிரி, வெயில் நல்லா விழற மாதிரி, தண்ணி தேங்காம இருக்கணும். தெற்கு இங்கிலாந்துல சுண்ணாம்புக் குன்றுப் புல்வெளி, ஹீத்னு சொல்ற புதர்க்காட்டு நிலம், அப்புறம் வேல்ஸ்ல தெற்கும் மேற்கும், அங்கதான் இப்ப மிச்சம் இருக்கு.

சாணியும் இருக்கு, மாடும் இருக்கு, இங்கிலாந்துல பால் மாட்டுக்கு என்ன பஞ்சம்? அப்புறம் ஏன் இது அழியுது?
(கோயம்புத்தூர் வாசகி)

மாடு இருக்குங்க, மாடு மேயற நிலம்தான் பழசு மாதிரி இல்ல. இதுல ரெண்டு தனித்தனி விஷயம் ஒண்ணா சேந்து அடிச்சிருக்கு.

ஒண்ணு நிலம். இரண்டாம் உலகப் போர் சமயத்துல கப்பல்ல சாப்பாடு வர்றது தடைபட்டு அந்த நாடு பட்ட பாடு அவங்களுக்கு மறக்கல, அதனால போருக்கு அப்புறமும் "நம்ம சாப்பாட்ட நாமளே விளைய வெக்கணும்"னு அரசாங்கமே மானியம் குடுத்து பழைய புல்வெளிய உழ வெச்சாங்க. உழுது, ரசாயன உரம் போட்டு, ரைகிராஸ்னு ஒரே வகை புல்ல விதைச்சா மாட்டுக்கு தீனி பல மடங்கு கிடைக்கும், விவசாயிய குத்தம் சொல்றதுக்கு இதுல ஒண்ணும் இல்ல. ஆனா 1930கள்ல இருந்து 1984க்குள்ள இங்கிலாந்து, வேல்ஸ் சமவெளியில இருந்த பழைய இயற்கைப் புல்வெளியில 97 சதவீதம் போயிடுச்சு. நூத்துக்கு மூணுதான் மிச்சம். அந்த மூணும் ஒரே இடமா இல்லாம துண்டு துண்டா சிதறிக் கிடக்கு. ஒரு தடவை உழுதா மண்ணுக்குள்ள மூணு தலைமுறைப் புழு இருந்தாலும் அத்தனையும் காலி, பக்கத்துல இன்னொரு கூட்டம் இருந்தாதான் திரும்ப வந்து குடியேறும், அந்தப் பக்கமும் உழுதுட்டா எங்க இருந்து வரும்?

இப்ப ரெண்டாவது. இத சொன்னா நிறைய பேருக்கு ஆச்சரியமா இருக்கும், ஐவர்மெக்டின். ஆமாங்க, கொரோனா சமயத்துல நம்ம ஊர்லயும் பல பேர் வாங்கி வாங்கி முழுங்கினாங்களே அதே மாத்திரைதான். அது உண்மையில குடல்புழு மருந்து. ஜப்பான்ல சடோஷி ஒமுரா ஒரு கோல்ஃப் மைதானம் பக்கத்துல எடுத்த மண்ணுல இருந்த நுண்ணுயிர்ல இருந்து வந்தது, அமெரிக்காவுல வில்லியம் கேம்பெல் அத மருந்தா கொண்டு வந்தாரு, ரெண்டு பேருக்கும் 2015ல நோபல் கிடைச்சுது. ஆப்பிரிக்காவுல ஆத்தோரக் குருட்டு நோய்ல இருந்து கோடிக்கணக்கான பேர காப்பாத்தின மருந்து, அதுல எந்த சந்தேகமும் இல்ல, அந்த நோபல் தகும். ஆனா அது முதல்ல கடைக்கு வந்தது கால்நடை மருந்தா, 1981ல.

ஒரே மருந்து, உள்ள இருக்கற புழு, வெளிய இருக்கற உண்ணி, பேன் எல்லாத்துக்கும் கேக்கும், முதுகுல ஊத்தினாலே போதும், ஊசி போட்டாலும் சரி. விவசாயிக்கு இத விட என்ன வேணும். பிரச்னை எங்கன்னா, மாட்டு உடம்புல அது முழுசா சிதையறதில்ல, பெரும்பகுதி அப்படியே சாணியில வெளிய வந்துடுது. போட்ட விதத்த பொறுத்து நாள் கணக்குல, சில சமயம் வாரக் கணக்குல வரும். சாணி நம்ம கண்ணுக்கு சாணி மாதிரியேதான் இருக்கும், வண்டுக்கும் அப்படித்தான் தெரியும், வந்து முட்டை வைக்கும். வளந்த வண்டு பெரும்பாலும் தப்பிச்சுடும், ஆனா அது வெச்ச முட்டையில இருந்து வர்ற புழு அந்த சாணிய தின்னு செத்துடும். மருந்த கொஞ்சம் கொஞ்சமா விடற குளிகை ஒண்ணு மாட்டு வயித்துக்குள்ள வைப்பாங்க, மாசக்கணக்குல வேலை செய்யும். அந்த மாதிரி மருந்து போட்ட மாட்டோட சாணிய 1987ல பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வயல்ல வெச்சு பாத்தாங்க, மருந்து போடாத மாட்டு சாணி 100 நாள்ல கிட்டத்தட்ட மண்ணோட மண்ணாகிடுச்சு, மருந்து சாணி அப்படியே கிடந்துச்சு. நேச்சர் இதழ்ல வந்த ஆராய்ச்சி அது.

இப்ப நம்ம ஈய நினைச்சுப் பாருங்க. அது மருந்த தொடவே இல்ல, யாரும் அத கொல்ல நினைக்கல. அதோட புள்ளைக்கு மண்ணுக்குள்ள சாப்பாடு இல்ல, அவ்வளவுதான். சாணிக்கு வண்டு, வண்டுக்கு மேல ஈ, அந்த வரிசையில கடைசியில நிக்கறவனுக்கு எப்பவும் அடி கொஞ்சம் சேத்துதான் விழும், ஏன்னா வண்டு பாதியா குறைஞ்சா வண்ட நம்பி இருக்கறவனுக்கு அந்த வயல்ல பொழப்பே ஓடாம போகலாம்.

நமக்கு இது புது கதை இல்ல. மாட்டுக்கு வலி மருந்தா போட்ட டைக்ளோஃபினாக் செத்த மாட்ட தின்ன பிணந்தின்னிக் கழுகுகள கொத்துக் கொத்தா சாய்ச்சு, 2006ல இந்தியாவுல கால்நடைக்கு அத தடை பண்ண வேண்டியதாச்சு. நம்ம மாயாறு பள்ளத்தாக்குல இன்னிக்கு மிச்சம் இருக்கற கழுகுங்க அதுல தப்பிச்சதுங்கதான். அங்க பொணம், இங்க சாணி, மருந்து போற வழிதான் வேற.

நானும் நாப்பது மாடு வெச்சிருக்கேன். கன்னுக்குட்டி வயித்துல புழு வந்து கழிஞ்சு சாகறத நீங்க பாத்திருக்கீங்களா? ஒரு ஈக்காக மருந்து போடாதன்னு சொல்றது ஏசி ரூம்ல உக்காந்து பேசற பேச்சு.
(நாமக்கல் வாசகர்)

கோவம் நியாயம்தான், ஆனா மருந்தே போடாதன்னு யாரும் சொல்லல, அங்க இருக்கற பூச்சி ஆர்வலர்கள்கூட சொல்லல. அவங்க கேக்கறது எந்த மருந்து, எந்த மாட்டுக்கு, எப்போங்கற மூணுதான்.

எல்லா புழு மருந்தும் ஒண்ணு இல்ல. நம்ம பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்கு குடுக்கறாங்களே அல்பெண்டசோல், அந்த வகை மருந்துகளும் லெவமிசோலும் சாணி வண்டுக்கு ரொம்பக் குறைஞ்ச கெடுதல்தான் பண்ணுது. ஐவர்மெக்டின் குடும்பத்துலயே மாக்சிடெக்டின் வண்டு விஷயத்துல அந்த அளவுக்கு மோசம் இல்ல. ஆனா இத படிச்சுட்டு நீங்களா மருந்த மாத்தாதீங்க, எந்தப் புழுன்னு தெரியாம மாத்தறது மாட்டுக்குத்தான் ஆபத்து, கால்நடை டாக்டர கேட்டு செய்யுங்க. அடுத்தது, மந்தைக்கே மொத்தமா ஊத்தறதுக்கு முன்னாடி சாணிய எடுத்து மைக்ராஸ்கோப்ல புழு முட்டை எவ்ளோ இருக்குன்னு எண்ணிப் பாக்கறது. நிறைய தடவை கன்னுக்குட்டிக்குத்தான் மருந்து தேவைப்படும், வளந்த மாட்டுக்கு எதிர்ப்பு சக்தி வந்திருக்கும். கொஞ்சம் மாட்ட மருந்து போடாம விட்டா வண்டுக்கு நல்ல சாணி கிடைக்கும், அதோட மருந்துக்கு அசராத புழு பெருகறதும் தள்ளிப் போகும், எல்லாத்துக்கும் எப்பவும் ஒரே மருந்த ஊத்தினா ஒரு நாள் அது கேக்காமலே போயிடும், இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

அப்புறம் வண்டு உங்களுக்கு சும்மா ஒண்ணும் வேலை செய்யாம இல்ல. சாணிய உடைச்சு மண்ணுக்குள்ள கொண்டு போறதால உரம் சேருது, சாணியிலயே வளர்ற கடி ஈயும், குடல்புழுவோட குஞ்சும் குறையுது, சாணி மூடின புல்லு மறுபடி வெளிய வருது. பிரிட்டன் மாட்டுத் தொழிலுக்கு சாணி வண்டால வருஷத்துக்கு சுமார் 36 கோடியே 70 லட்சம் பவுண்டு லாபம்னு 2015ல ஒரு ஆய்வுல கணக்கு போட்டிருக்காங்க.

வண்டு இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னு தெரியணும்னா ஆஸ்திரேலியாவ பாருங்க. 1788ல வெள்ளைக்காரன் மாட்ட கொண்டு போய் இறக்கினான், அங்க இருந்த வண்டுங்களுக்கோ கங்காரு புழுக்கைதான் பழக்கம், இந்த ஈரச் சாணிய என்ன பண்றதுன்னு தெரியல. சாணி மாசக்கணக்குல வறட்டியா காஞ்சு கிடந்து புல்ல மூடிடுச்சு, அதுல ஈ கோடிக்கணக்குல பெருகி மனுஷன் மூஞ்சியில மொய்ச்சுது, ஆஸ்திரேலியாக்காரன் எப்பவும் கைய ஆட்டிட்டே பேசுவான்னு கிண்டலே இருக்கு. கடைசியில ஹங்கேரியில இருந்து போன ஜார்ஜ் போர்னமிஸ்ஸாங்கற பூச்சியியல்காரர் யோசனை சொல்லி, அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம் சிஎஸ்ஐஆர்ஓ 1960கள்ல இருந்து ஆப்பிரிக்கா, ஐரோப்பான்னு தேடித் தேடி வண்டு இறக்குமதி பண்ணுச்சு. காசு குடுத்து வண்டு வாங்கின நாடு அது, நம்மகிட்ட இருக்கறத நாம மருந்து ஊத்தி கொல்றோம்.

அப்போ பேசாம அந்த இடத்துக்கு எல்லாம் வேலி போட்டு, ஆடு மாட்ட வெளிய தள்ளிட்டு, இயற்கைய இயற்கையா விட்டுடலாமே?
(சென்னை வாசகி)

ஐயோ வேண்டாம். அப்படி செஞ்சா இந்த ஈ இன்னும் சீக்கிரம் போயிடும்.

நம்மள்ல பாதி பேருக்கு இயற்கைன்னா மனுஷனும் மாடும் இல்லாத இடம்னு ஒரு நினைப்பு இருக்கு. இந்தப் புல்வெளிங்க பல நூறு வருஷமா ஆடும் மாடும் மேஞ்சு மேஞ்சுதான் அப்படி இருக்கு. மேய்ச்சல நிறுத்தினா முதல்ல புல்லு இடுப்பளவு வளரும், தரையில வெயில் விழாது, அப்புறம் முள்ளுப் புதர், அப்புறம் மரம். பாக்க பச்சைப் பசேல்னு நல்லாத்தான் இருக்கும், ஆனா சாணி இல்ல, வண்டு இல்ல, இந்த ஈக்கு அங்க இடமே இல்ல. பழைய புல்வெளி நிறைய இடத்துல உழுததால மட்டும் போகல, "இங்க மேய்ச்சு லாபம் இல்ல"ன்னு மாட்ட ஓட்டிட்டுப் போனதாலயும் போயிருக்கு.

இன்னொண்ணு, மாடு வருஷத்துல ரெண்டு மாசம் வந்து மேஞ்சுட்டுப் போனாலும் பத்தாது. வண்டு ஒவ்வொரு இனமும் ஒவ்வொரு பருவத்துல முட்டை வைக்கும், வசந்த காலத்துல சில, இலையுதிர் காலத்துல சில, நடுவுல சாணி இல்லாம போனா அந்த பருவத்து வண்டு போயிடும். பறந்து போற தூரத்துல எப்பவும் எங்கயாவது கால்நடை இருக்கணும். இப்ப சில பெரிய பண்ணையில மாட்ட வருஷம் முழுக்க கொட்டகைக்குள்ளயே வெச்சு தீனி போடறாங்க, சாணி எல்லாம் தண்ணியோட கலந்து தொட்டிக்குப் போயிடுது, அப்புறம் டேங்கர்ல கொண்டு போய் வயல்ல தெளிக்கறாங்க. சாணி அளவு கூடத்தான் ஆகியிருக்கும், ஆனா வண்டு குடியேற ஒரு வட்டு கூட தேறாது. அதனால இத காப்பாத்தணும்னா வேண்டியது வேலி இல்ல, கம்மியான எண்ணிக்கையில மாட்ட தொடர்ந்து மேய விடற ஒரு விவசாயி, அவருக்கு அதுல நஷ்டம் வராம பாத்துக்கற ஒரு மானியம். என்னைக் கேட்டா ஈய காப்பாத்தறதுங்கறது அங்க பாதிக்கு மேல விவசாயக் கொள்கைதான், பூச்சியியல் மிச்சம்தான்.

புலிக்கு சட்டம் இருக்கு, யானைக்கு இருக்கு. ஈக்குமா சட்டம் போடுவாங்க?
(விருதுநகர் வாசகர்)

போட்டிருக்காங்க. பிரிட்டன்ல முன்னாடி இருந்த பல்லுயிர் பாதுகாப்புத் திட்டத்துல முன்னுரிமை குடுத்த உயிர்கள் பட்டியல்ல இந்த ஈ இருந்துச்சு, அப்புறம் 2006ல வந்த இயற்கைச் சூழல் சட்டத்துல இங்கிலாந்துக்கான முக்கிய இனங்கள் பட்டியல்லயும் சேத்திருக்காங்க. அதுக்காக இத அடிச்சா ஜெயில்னு அர்த்தம் இல்ல, அரசு அமைப்புங்க நிலம் சம்பந்தமா முடிவு எடுக்கறப்ப இத கணக்குல எடுத்துக்கணும், அவ்வளவுதான் பலம். உலகத்துலயே அழியப் போகுதான்னு கேட்டா, இல்ல, ஐரோப்பாவுல பல நாட்டுல இருக்கு, ஆனா அங்கயும் வடக்குப் பக்கம் குறைஞ்சுட்டு வருது, காரணம் கிட்டத்தட்ட இதேதான்.

நிஜமாவே பல்லு இருக்கற சட்டம் வேணும்னா அமெரிக்கா. கலிஃபோர்னியாவுல கோல்ட்டன்னு ஒரு ஊர் பக்கம் டெல்ஹி சாண்ட்ஸ்னு மணல் மேடு, நம்ம டெல்லிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, அங்க மட்டும் வாழற பெரிய ஈ ஒண்ணு இருக்கு. இது வேட்டைக்காரன் இல்ல, பூவுல தேன் குடிக்கறது. 1993ல அத அழியும் இனம்னு அறிவிச்சாங்க, அமெரிக்காவுல அந்த சட்டத்துல சேந்த முதல் ஈ அதுதான். அங்க கட்ட இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடத்தையே கொஞ்சம் தள்ளிக் கட்ட வேண்டியதாச்சு, ஊரே கொதிச்சுப் போச்சு, ஒரு ஈக்காகவான்னு. எனக்கு அந்த மக்கள் கோவம் புரியுது, ஆனா அந்த மணல் மேட்டுல ஏற்கெனவே பெரும்பகுதிய வீடும் குடோனுமா ஆக்கிட்டு கடைசித் துண்டுல வந்து "ஒரு ஈக்காகவா"ன்னு கேக்கறதுல ஒரு நியாயமும் இல்லன்னுதான் தோணுது.

நம்ம பக்கம் இந்த ஈ இருக்கா?
(திருநெல்வேலி வாசகர்)

இந்த இனம் இல்ல, சொந்தக்காரங்க நிறைய இருக்காங்க. தோட்டத்துல குச்சி நுனியில ஒல்லியா நீளமா ஒரு ஈ உக்காந்து இன்னொரு ஈய கட்டிப் புடிச்சுட்டு இருந்தா, மூஞ்சியில மீசை இருக்கான்னு பாருங்க.

லண்டனுக்குப் பக்கத்துல சர்ரேயில இருக்கோம், லீவு நாள்ல புள்ளைங்கள கூட்டிட்டு புல்வெளி பக்கம் போவோம். இந்த ஈய பாத்தா யார்கிட்டயாவது சொல்லணுமா, சொன்னா ஏதாவது நடக்குமா?
(சர்ரே வாசகி)

சொல்லுங்க, கண்டிப்பா நடக்கும். ஐரெக்கார்ட்னு ஒரு இணையதளம் இருக்கு, போன்ல ஆப்பாவும் கிடைக்குது, அதுல போட்டோ, தேதி, இடம் மூணையும் போட்டா போதும். சோல்ஜர் ஃப்ளை, ராபர் ஃப்ளை வகையறாவுக்குன்னே அங்க ஒரு பதிவுத் திட்டம் இருக்கு, விவரம் தெரிஞ்சவங்க உங்க போட்டோவ பாத்து சரியான்னு உறுதி பண்ணுவாங்க. போட்டோ பின்பக்கத்துல இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு எடுங்க, கையில இரை இருந்தா அது தெரியற மாதிரி எடுங்க, எந்த இரைய புடிச்சுதுங்கறதும் அவங்களுக்கு வேண்டிய தகவல்தான். எது மேல உக்காந்திருந்துச்சு, மாட்டுச் சாணியா, குதிரை லத்தியா, முயல் புழுக்கையான்னு ஒரு வரி எழுதிடுங்க. அந்த நிலத்துக்காரருக்கே தன் நிலத்துல இது இருக்குன்னு நிறைய தடவை தெரியாது, தெரிஞ்சா மருந்து போடற தேதிய மாத்தறதுக்கோ, கொஞ்சம் மாட்ட மருந்தில்லாம விடறதுக்கோ சம்மதிக்கறவங்க உண்டு.

ஆகஸ்ட் மாசம் நல்ல வெயில் நாளா பாத்து மதியம் போல போங்க, மேகமா இருந்தா இது வெளிய வராது. மாடு மேயற இடத்துல நாய கழட்டி விடாதீங்க. சாணிய குச்சியால கிளறிப் பாக்கறதுக்கு புள்ளைங்களுக்கு ஆசை வரும், பாத்துட்டு எப்படி இருந்துச்சோ அப்படியே மூடி வெக்க சொல்லுங்க.